மத்தியஸ்தர் தம் தீர்ப்பை மாற்றும் வேளை

தீர்ப்பு வழங்கியவர் தாமே அதனை மாற்றலாமா என்பது மிகப் பழைய கேள்வி. பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தீர்ப்புப் பிழைத்தது என்பதை உணரவே செய்தான். ஆயின் அவன் உணர்ந்த வேளையில் கோவலன் உயிரோடு இல்லை. பிற்காலத்து நீதிமன்றங்கள் மேன்முறையீடு என்னும் ஏற்பாட்டினால் இவ்விடரை ஓரளவு நீக்கிக் கொண்டன. கீழ்மன்றத்தின் தவறை மாதங்கள் பல சென்ற பின்னரும் மேல்மன்றம் திருத்தலாம். தொண்ணூறு நிமிடங்களில் முடிந்துவிடும் உதைபந்தாட்டத்துக்கு அத்தகைய வசதி கிடையாது. மைதானத்தின் நடுவே விசிலோடு நிற்கும் ஒருவரே அங்கு விசாரணை செய்பவரும் தீர்ப்புக் கூறுபவரும் தண்டனை விதிப்பவரும் ஆவார். அவர் பிழைபட்டதாக அவருக்கே தோன்றினால் என் செய்வது? எந்தக் கணம் வரையில் அவர் மனம் மாறலாம்? எந்தக் கணத்துக்குப் பின் மாறலாகாது? உதைபந்தாட்ட விதிகளின் வரலாற்றில் இக்கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. இன்றும் அது முற்றாகத் தீர்ந்துவிட்டதெனச் சொல்ல இயலாது.

முதன்முதலில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. 1863ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் உதைபந்தாட்டச் சங்கம் நிறுவப்பட்டு, பதின்மூன்று விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றிலேனும் மத்தியஸ்தர் என்ற ஒருவரைப் பற்றிய பேச்சில்லை. ஆட வந்தவர்கள் கனவான்கள். பிழை நேர்ந்தால் இரு தலைவர்களும் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வர் என்பது அக்காலத்து நம்பிக்கை. கிண்ணத்துக்காகப் போட்டியிடும் பழக்கம் வந்ததும் அந்த நம்பிக்கை தளர்ந்தது. பக்கத்துக்கு ஒருவராக இரு அம்பயர்கள் நியமிக்கப்பட்டனர். ஆட்டக்காரர் முறையிட்டால் மாத்திரமே அவர்கள் தீர்ப்பளிப்பர். இருவரும் ஒத்த கருத்தினராயின் அதுவே முடிவு. ஒவ்வாதபோது, கோட்டுக்கு வெளியே இருந்த மூன்றாமவரிடம் விடயத்தை ஒப்படைப்பர். ‘ரெஃபரி’ என்னும் ஆங்கிலப் பெயரே ‘ஒப்படைக்கப்படுபவர்’ என்ற பொருளில் அங்ஙனம் பிறந்ததுதான். மூவர் சேர்ந்து முடிவுக்கு வரும் அம்முறையில், வழங்கிய தீர்ப்பை மாற்றுவது என்ற பிரச்சினை பெரிதாகத் தலைதூக்கவில்லை. மாறுபட்ட கருத்துகளை முதலிலேயே கேட்டுவிட்டுத்தானே முடிவு சொல்லப்பட்டது!

1891ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. தண்ட உதையை ஏற்படுத்திய அதே ஆண்டில், கோட்டுக்கு வெளியே நின்ற மூன்றாமவர் மைதானத்துக்குள் அழைக்கப்பட்டார். அம்பயர் இருவரும் கொடி ஏந்திய கோட்டு நடுவர்களாகக் கரைக்கு அனுப்பப்பட்டனர். சில ஆண்டுகளுக்குள், ஆட்டக்காரர் முறையிடுவதற்குக் காத்திராமல் தாமே விசிலை ஊதித் தீர்ப்பளிக்கும் முழு அதிகாரமும் மத்தியஸ்தருக்கு வழங்கப்பட்டது. அதிகாரம் ஒருவர் கையிற் குவிந்தமையால் பிழையும் ஒருவருடையதாயிற்று. தீர்ப்பை மாற்றுவது பற்றிய கேள்வியின் உண்மையான தொடக்கம் இதுவேயாகும்.

விதிகளின் நடையைச் சீர்செய்து 1938ஆம் ஆண்டில் புதிதாக எழுதியவர் ஸ்ரான்லி றவுஸ் என்பவர். அவர் தாமே ஒரு மத்தியஸ்தராக இருந்தவர். 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்துச் சங்கக் கிண்ண இறுதிப் போட்டியை நடத்தியவர். பிற்காலத்தில் சர்வதேசச் சம்மேளனமாகிய பீபாவின் தலைவராகவும் விளங்கியவர். மத்தியஸ்தரைப் பற்றிய ஐந்தாவது விதியில், ஆட்டத்தோடு தொடர்புடைய நிகழ்ச்சிகள் குறித்து அவர் வழங்கும் தீர்ப்பு, ஆட்டத்தின் பெறுபேற்றைப் பொறுத்தவரையில் இறுதியானது என்று எழுதப்பட்டது. பந்து கோட்டைக் கடந்ததா, கை பந்தில் பட்டதா, தடக்கி விழுத்தப்பட்டாரா, தாமாக விழுந்தாரா என்பனவெல்லாம் நிகழ்ச்சி பற்றியவை. இவற்றில் மத்தியஸ்தர் கண்டதே உண்மை. வேறெந்தச் சபையும் பின்னர் கூடி அதனை மாற்றலாகாது.

ஆயினும் ‘இறுதியானது’ என்றால் எந்தக் கணத்திலிருந்து இறுதியானது? விசில் ஒலித்தவுடனா, கையை நீட்டியவுடனா? இதற்கு விதி இயற்றுவோர் கண்ட விடை எளிமையானது. ஆட்டம் மீண்டும் தொடங்கும் வரையில் மத்தியஸ்தர் தம் தீர்ப்பை மாற்றலாம். தொடங்கிய பின்னர் மாற்றலாகாது. 1997ஆம் ஆண்டில் விதிகள் மீண்டும் திருத்தி எழுதப்பட்டபோது இது ஐந்தாம் விதியிலேயே தெளிவாக இடம்பெற்றது. தம் தீர்ப்புத் தவறென்று தாமே உணர்ந்தாலும் சரி, துணை நடுவர் எடுத்துக் கூற அதனைத் தம் விருப்பப்படி ஏற்றுக்கொண்டாலும் சரி, ஆட்டத்தை மீண்டும் தொடங்காதிருக்கும் வரையில் மாற்றலாம் என்பது அதன் சாரம்.

இந்த எல்லையை ஏன் அங்கே வரைந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. விசில் ஒலித்து ஆட்டம் நின்றிருக்கும் இடைவேளையில் மைதானத்தில் கணக்கில் வரக்கூடியது எதுவும் நிகழ்வதில்லை. பந்து செத்துக் கிடக்கிறது. அப்போது மத்தியஸ்தர் மனம் மாறினால் மாறுவது அவருடைய தீர்ப்பு ஒன்று மாத்திரமே. பந்து மீண்டும் உதைக்கப்பட்டுவிட்டாலோ, அந்தத் தீர்ப்பை நம்பி இருபத்திருவரும் ஓடத் தொடங்கிவிடுகின்றனர். அடுத்த அரை நிமிடத்தில் ஒரு கோல் விழலாம், ஒருவர் கால் முறியலாம், ஒருவர் வெளியேற்றப்படலாம். முதல் தீர்ப்பை நீக்கினால் அதன்மேல் எழுந்த இவை யாவற்றையும் நீக்க வேண்டும். ஓடிய கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்ப வேண்டும். கிரிக்கெட் ஆட்டத்திலோ ஒவ்வொரு பந்துக்கும் இடையே இயல்பான ஓய்வு உண்டு. அங்கு அம்பயர் தம் தீர்ப்பை மாற்றலாம், உடனடியாக மாற்ற வேண்டும் என்று மட்டும் விதி கூறுகிறது. தொடர்ந்து ஓடும் ஆட்டமாகிய உதைபந்தாட்டத்துக்கு ‘உடனடியாக’ என்ற சொல் போதாது. கண்ணாற் காணத்தக்க ஓர் அடையாளம் தேவைப்பட்டது. மீண்டும் உதைக்கப்படும் பந்தே அந்த அடையாளம்.

இந்த இடைவேளையின் பெறுமதியை உலகம் நன்கு அறிந்துகொண்ட நாள் 1966ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி. வெம்பிளி மைதானத்தில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் இரண்டுக்கு இரண்டு என்ற நிலையில் மேலதிக நேரம் ஆடிக்கொண்டிருந்தன. 101ஆவது நிமிடத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹேர்ஸ்ற் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடிப்புறத்தில் மோதிக் கீழே விழுந்து, மீண்டும் மேலெழுந்தது. ஜேர்மனியர் ஒருவர் அதனைத் தலையால் வெளியே தள்ளினார். பந்து கோட்டைக் கடந்ததா? சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த மத்தியஸ்தர் கொற்ஃபிறீட் டீன்ஸ்ற் அவர்களுக்கு நிச்சயமில்லை. அவர் கரையை நோக்கி நடந்து, சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த கோட்டு நடுவர் தோஃபிக் பஹ்ராமோவ் அவர்களிடம் கேட்டார். பஹ்ராமோவ் கோல் என்பதை உறுதிப்படுத்தவே, பந்து நடுவட்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. இங்கிலாந்து நாலுக்கு இரண்டு என வென்றது. அந்தப் பந்து முழுவதும் கோட்டைக் கடந்ததா என்ற வாதம் இரு நாடுகளிலும் ஓயவில்லை. பஹ்ராமோவின் சொந்த நாடாகிய அசர்பைஜானின் தலைநகர் பாக்குவில் உள்ள பெரிய மைதானம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தீர்ப்புச் சரியோ பிழையோ, அதனை அடைந்த முறையில் குறைகூற இடமில்லை. பந்து நின்றிருந்தது, கேட்கத் தகுந்தவரிடம் கேட்கப்பட்டது, அதன் பின்னரே ஆட்டம் தொடங்கியது.

முறை கெட்டால் என்ன நேரும் என்பதற்கு 1982ஆம் ஆண்டின் உலகக் கிண்ணம் சான்று தந்தது. ஸ்பெயின் நாட்டு வல்லதோலித் நகரில் யூன் 21ஆந் திகதி பிரான்சும் குவைத்தும் ஆடின. பிரான்சு மூன்றுக்கு ஒன்று என முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிய ஏறக்குறையப் பத்து நிமிடம் இருக்கையில் பார்வையாளர் பக்கமிருந்து ஒரு விசில் ஒலி கேட்டது. மத்தியஸ்தரே ஊதினார் என எண்ணிக் குவைத் ஆட்டக்காரர் அசையாது நின்றனர். அலெய்ன் ஷிறெஸ் பந்தை வலைக்குள் உதைத்தார். சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த மத்தியஸ்தர் மிரொஸ்லாவ் ஸ்துப்பார் கோல் என அறிவித்தார். குவைத் ஆட்டக்காரர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். இதற்கிடையில், குவைத் மன்னரின் தம்பியும் அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கத் தலைவருமான ஷேக் பஹத் அல் அஹ்மத், தம் ஆசனத்திலிருந்து சைகை காட்டியதோடு நில்லாமல் மைதானத்துக்கே இறங்கி வந்தார். பேச்சுகள் நடந்தன. ஈற்றில் ஸ்துப்பார் தம் தீர்ப்பை மாற்றினார். கோல் செல்லாது என்றார். இம்முறை கொதித்தெழுந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்.

இச்சம்பவத்தைப் பெரும்பாலோர் ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லுவர். விதியை வைத்து நோக்கினால் அதில் ஆழமான ஒரு செய்தி இருக்கிறது. ஆட்டம் மீண்டும் தொடங்கியிருக்கவில்லை. ஆகவே காலத்தைப் பொறுத்தவரையில் ஸ்துப்பார் தம் உரிமையை மீறவில்லை. பார்வையாளர் ஒருவரின் விசில் ஆட்டத்தைக் குழப்பியது என மத்தியஸ்தர் கருதினால், ஆட்டத்தை நிறுத்திப் பந்தைக் கீழே போட்டுத் தொடங்கவும் விதிகளில் வழி உண்டு. அதாவது, அவர் ஈற்றில் வந்து சேர்ந்த முடிவு அவர் தாமாகவே எடுத்திருக்கக்கூடிய ஒன்றுதான். குறை எங்கே என்றால், மைதானத்துக்கு வெளியேயிருந்த செல்வாக்குள்ள ஒருவர் உள்ளே வந்து நின்ற பின்னரே அது எடுக்கப்பட்டது என்பதிலாகும். தாமாக உணர்தல், துணை நடுவர் உணர்த்துதல் என்ற இரண்டு வாயில்களையே விதி ஏற்கிறது. மூன்றாவது வாயிலொன்று அன்று பலவந்தமாகத் திறக்கப்பட்டது. பிரான்சு இன்னொரு கோலையும் போட்டு நாலுக்கு ஒன்று என வென்றமையால் பெறுபேறு பாதிக்கப்படவில்லை. குவைத் சங்கத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஸ்துப்பார் சர்வதேச மத்தியஸ்தர் என்னும் தகுதியை இழந்தார். ஷேக் பஹத் 1990ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் நுழைந்த முதல் நாளிலேயே அரண்மனை வாயிலிற் போரிட்டு மடிந்தார் என்பதையும், அவரை அந்த வல்லதோலித் மாலையை மட்டும் வைத்து நினைப்போர் அறிந்திருத்தல் நன்று.

மாற்றலாம் என்றிருந்தும் மாற்றாதவர்களும் உளர். 1978ஆம் ஆண்டு யூன் 3ஆந் திகதி ஆர்ஜென்டீனாவின் மார் டெல் பிளாற்றா நகரில் பிரேசிலும் சுவீடனும் ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில் இருந்தன. பிரேசிலின் மூலை உதை வந்து, ஸீக்கோ அதனைத் தலையால் வலைக்குள் செலுத்தினார். வேல்ஸ் நாட்டு மத்தியஸ்தர் கிளைவ் தோமஸ், பந்து வானத்தில் வரும்போதே ஆட்டம் முடிந்ததாக விசில் ஊதிவிட்டார். பிரேசிலியர் எவ்வளவோ மன்றாடியும் அவர் அசையவில்லை. நேரத்தின் காவலர் மத்தியஸ்தரே என்பது விதி. மூலை உதையை எடுக்க விட்டுப் பந்து வந்து சேருமுன் முடித்தது நல்லுணர்வா என்பது வேறு விடயம்.

மத்தியஸ்தர் மனம் மாறவில்லை, ஆட்டமும் முடிந்துவிட்டது, பின்னர் பிழை வெட்ட வெளிச்சமாகிறது. அப்போது மேலிடம் தலையிடலாமா? இங்கேதான் நிகழ்ச்சிப் பிழைக்கும் விதிப் பிழைக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. ஜேர்மனியில் 1994ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆந் திகதி பயேர்ண் மியூனிக் கழகத்தின் தோமஸ் ஹெல்மர் தட்டிய பந்து கம்பத்துக்கு வெளியே சென்றது. கோட்டு நடுவரோ கோல் எனக் காட்டினார். மத்தியஸ்தர் அதனை ஏற்றார். பயேர்ண் இரண்டுக்கு ஒன்று என வென்றது. தோற்ற நியூரெம்பேர்க் கழகம் முறையிட, ஜேர்மன் சங்கம் ஆட்டத்தை மறுபடியும் நடத்தும்படி கட்டளையிட்டது. நியூரெம்பேர்க்குக்குக் கிடைத்த நீதி விசித்திரமானது. மறு ஆட்டத்தில் அது ஐந்து கோல்களால் தோற்றது. பருவ முடிவில் இன்னொரு கழகத்தோடு சம புள்ளிகள் பெற்றும் கோல் வித்தியாசத்தினால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. நிகழ்ச்சி பற்றிய தீர்ப்பை வெளியார் கலைப்பதைப் பீபா விரும்பவில்லை. ஆகவே 2013ஆம் ஆண்டு ஒக்ரோபர் 18ஆந் திகதி ஹொஃபன்ஹைம் கழகத்துக்கு எதிராக லெவர்கூசன் கழகத்தின் ஷ்ரெஃபான் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து, பக்க வலையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து கோல் எனக் கணக்கிடப்பட்டபோது, படங்கள் யாவும் உண்மையைக் காட்டியும் மறு ஆட்டம் மறுக்கப்பட்டது. மத்தியஸ்தர் கண்டது தவறு. ஆயினும் விதியை அவர் பிழையாகப் பிரயோகிக்கவில்லை என்பதே காரணம்.

விதியையே பிழையாகப் பிரயோகித்தால்? 2005ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3ஆந் திகதி தாஷ்கெந்தில் உஸ்பெக்கிஸ்தானும் பஹ்ரெயினும் உலகக் கிண்ணத் தகுதிக்காக ஆடின. ஒரு கோல் முன்னணியில் இருந்த உஸ்பெக்கிஸ்தானுக்குத் தண்ட உதை கிடைத்தது, அது கோலாயிற்று. உதைக்குமுன் உஸ்பெக் ஆட்டக்காரர் ஒருவர் பெட்டிக்குள் ஓடி வந்துவிட்டார். அத்தகைய வேளையில் தண்ட உதையை மறுபடியும் எடுக்க வேண்டும் என்பதே விதி. யப்பானைச் சேர்ந்த மத்தியஸ்தர் அவ்வாறு செய்யாது, எதிரணிக்கு மறைமுகச் சுதந்திர உதையை வழங்கினார். ஆட்டம் ஒன்றுக்குப் பூச்சியம் என உஸ்பெக்கிஸ்தானுக்குச் சாதகமாக முடிந்தது. தமக்கு மூன்றுக்குப் பூச்சியம் என வெற்றியளிக்க வேண்டுமென உஸ்பெக்கியர் முறையிட்டனர். பீபாவோ ஆட்டம் முழுவதையுமே செல்லாதென அறிவித்துவிட்டது. ஒக்ரோபர் மாதம் நடந்த மறு ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று எனச் சமநிலையாயிற்று. பஹ்ரெயினில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் எவரும் கோல் போடவில்லை. எதிரணியின் மண்ணில் போட்ட ஒரு கோலின் பயனாகப் பஹ்ரெயின் அடுத்த கட்டத்துக்குச் சென்றது. வென்ற ஆட்டத்தைப் பற்றி முறையிட்டு உலகக் கிண்ண வாய்ப்பை இழந்த நாடு வேறொன்று இருத்தல் அரிது. அந்தச் சுதந்திர உதை எடுக்கப்படுமுன், கரையில் நின்ற துணை நடுவர் ஒருவர் கொடியை உயர்த்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மத்தியஸ்தர் முறைப்படி தம் தீர்ப்பை மாற்றியிருக்கலாம். இத்தனை அலைச்சலுக்கும் இடமிருந்திராது.

ஆட்டம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கையிலும் ஒருவகை மனமாற்றத்துக்கு விதி இடமளித்திருக்கிறது. ஒருவர் தடுக்கப்பட்டும் அவருடைய அணி பந்தோடு முன்னேறுமாயின் மத்தியஸ்தர் விசில் ஊதாமல் விடலாம். இதனை அனுகூல விதி என்பர். முன்னாளில் அங்ஙனம் விட்டுவிட்டால் விட்டதுதான். 1990களின் நடுப்பகுதியில், எதிர்பார்த்த அனுகூலம் சில கணங்களுக்குள் கிட்டாவிடில் திரும்பிச் சென்று முதற் குற்றத்துக்குத் தண்டனை வழங்கலாம் என இவ்விதி தளர்த்தப்பட்டது. சிறிய திருத்தமே; ஆயினும் பிழையைத் திருத்த எடுக்கும் காலத்தை நீட்டலாம் என்ற எண்ணம் அங்கு முளைவிட்டது.

அந்த எண்ணத்தை வளர்த்தது தொலைக்காட்சி. வீட்டில் இருப்பவர் கண்ட உண்மையை மைதானத்தில் நிற்பவர் காணவில்லை என்ற அவலம் ஆண்டுதோறும் பெருகியது. 2009ஆம் ஆண்டு யூன் 15ஆந் திகதி தென்னாபிரிக்காவின் புளூம்ஃபொன்ரீன் நகரில் பிரேசிலும் எகிப்தும் மூன்றுக்கு மூன்று என்றிருந்த இறுதிக் கட்டத்தில், இங்கிலாந்து மத்தியஸ்தர் ஹவார்ட் வெப் முதலில் மூலை உதை எனக் காட்டினார். பின்னர் எகிப்தியர் ஒருவர் கோட்டில் நின்று பந்தைக் கையால் தடுத்தார் என்று தீர்ப்பை மாற்றித் தண்ட உதை வழங்கினார். பிரேசில் வென்றது. மாற்றிய தீர்ப்புச் சரியானது. மாற்றிய வேளையும் சரியானது. எனினும் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டே மாற்றினார்கள் என எகிப்தியர் குமுறினர். சரியான தீர்ப்பாக இருந்தும், அது எந்த வாயில் வழியாக வந்தது என்ற பழைய வல்லதோலித் கேள்வி மீண்டும் எழுந்தமை கவனிக்கத்தக்கது. மறு ஆண்டு யூன் 27ஆந் திகதி அதே நகரில், அதே மைதானத்தில், இங்கிலாந்தின் ஃபிராங் லாம்பார்ட் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதிக் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து வெளியே வந்தது. மத்தியஸ்தரும் காணவில்லை, துணை நடுவரும் காணவில்லை. எதிரணி ஜேர்மனியே! நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முந்திய கணக்கு நேர்செய்யப்பட்டதென ஜேர்மனியர் நகைத்தனர். 2012ஆம் ஆண்டில், பந்து கோட்டைக் கடந்ததா எனக் காட்டும் கருவிக்கு விதிச் சபை அனுமதியளித்தது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காணொளி உதவி மத்தியஸ்தர் முறையும் விதிகளில் ஏறியது.

புதிய முறை பழைய எல்லையை முற்றாக அழித்துவிடவில்லை. அதனை நன்றாக நெகிழ்த்தியது. கோல், தண்ட உதை, நேரடியான சிவப்பு அட்டை, ஆளை மாறிக் காணுதல் என்னும் நான்கு விடயங்களில், தெளிவான பெரும்பிழை நேர்ந்திருந்தால் மாத்திரமே திரையைக் காண்பவர் மத்தியஸ்தரை எச்சரிக்கலாம் என 2018ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இறுதித் தீர்ப்பு மத்தியஸ்தருடையதே. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் கோலையும் தண்ட உதையையும் பற்றிப் பேச்சில்லை. வன்செயல், துப்புதல், கடித்தல் போன்ற கொடிய குற்றங்களுக்கும், தவறான ஆளுக்கு அட்டை காட்டியமைக்கும் மட்டும் தொடங்கிய பின்னரும் நடவடிக்கை எடுக்கலாம். அங்கும் அட்டை மாறுமேயன்றி, ஆட்டம் தொடங்கிய விதம் மாறாது. இந்நெகிழ்வு பொருத்தமானது என்றே கொள்ள வேண்டும். ஒருவரைத் தண்டித்தல் ஆட்டத்தின் ஓட்டத்தைப் பின்னோக்கித் திருப்புவதில்லை. கோலை அழித்தல் திருப்புகிறது.

இடைவேளைக்கான விசில் இன்னொரு சிக்கலைக் கொணர்ந்தது. 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆந் திகதி ஜேர்மனியின் மைன்ஸ் நகரில், முற்பாதி முடிந்து ஃபிறைபேர்க் ஆட்டக்காரர் உடைமாற்றும் அறைக்குச் சென்றுவிட்டனர். அதற்குப் பின்னர், முற்பாதியின் கடைசிக் கணத்தில் அவர்களுள் ஒருவர் கை பந்தில் பட்டது எனக் காணொளி நடுவர் அறிவித்தார். மத்தியஸ்தர் கீடோ விங்மான் சென்றவர்களைத் திரும்ப அழைத்தார். சில நிமிடங்களுக்குப் பின் தண்ட உதை எடுக்கப்பட்டுக் கோலும் விழுந்தது. பாதி முடிந்ததாக அறிவித்து மைதானத்தை விட்டு நீங்கிய பின்னர் தீர்ப்பை மாற்றலாகாது என்று விதியில் இருந்தமையால் பலரும் தலையைச் சொறிந்தனர். மறு ஆண்டில் விதிச் சபை இதனைத் தெளிவுபடுத்தியது. திரையைப் பார்ப்பதற்காகவோ, சென்றுவிட்ட ஆட்டக்காரரை அழைப்பதற்காகவோ மத்தியஸ்தர் மைதானத்தை விட்டு நீங்குவது, அந்தப் பாதி முடியுமுன் நிகழ்ந்த சம்பவம் பற்றிய தீர்ப்பை மாற்றத் தடையாகாது என்பது புதிய வாசகம்.

2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி கட்டார் நாட்டில் துனீசியாவுக்கு எதிராக, பிரான்சின் அந்துவான் கிறீஸ்மன் 98ஆவது நிமிடத்தில் ஒரு கோலைப் போட்டார். ஒன்றுக்கு ஒன்று எனச் சமநிலை என்றே யாவரும் எண்ணினர். ஆட்டம் முடிந்த விசிலும் ஒலித்தது. அதற்குப் பின்னர் நியூஸிலாந்து மத்தியஸ்தர் மத்தியூ கொங்கர் திரையைக் காண அழைக்கப்பட்டு, ஓப்சைட் எனக் கண்டு கோலை நீக்கினார். கோலின் பின் பந்து நடுவட்டத்திலிருந்து உதைக்கப்பட்டு ஆட்டம் தொடங்கிவிட்டது, ஆகவே மாற்றியது முறையன்று எனப் பிரெஞ்சுச் சங்கம் பீபாவிடம் முறையிட்டது, முறையீடு தள்ளுபடியாயிற்று. பிரான்சு ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்தமையாலும் துனீசியா வென்றும் வெளியேறியமையாலும் இச்சர்ச்சை விரைவில் அடங்கியது. வேறொரு நாளில் அடங்கியிராது.

அடங்காத சர்ச்சை மறு ஆண்டு இலண்டனில் நேர்ந்தது. 2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆந் திகதி ரொற்றன்ஹாம் கழகமும் லிவர்பூல் கழகமும் கோலின்றி ஆடிக்கொண்டிருந்தன. ஒருவரை ஏற்கெனவே இழந்திருந்த லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் பந்தை வலைக்குள் செலுத்தினார். துணை நடுவர் ஓப்சைட் எனக் கொடியை உயர்த்தினார். காணொளி அறையில் கோடு வரைந்து பார்த்தபோது ஓப்சைட் இல்லை என்பது தெளிவாயிற்று. ஆயின் அங்கிருந்தவர், மைதானத்தில் கோல் வழங்கப்பட்டிருக்கிறது எனத் தவறாக எண்ணி, பரிசோதனை முடிந்தது, தீர்ப்புச் சரி என அறிவித்துவிட்டார். மைதானத்தில் சொல்லப்பட்டிருந்த தீர்ப்போ கோல் இல்லை என்பது. அந்த ஓப்சைட்டுக்குரிய சுதந்திர உதை எடுக்கப்பட்டது. சில வினாடிகளுக்குள் அறையில் இருந்தவர்கள் நடந்ததை உணர்ந்தனர். ஆட்டத்தை நிறுத்துவோமா என ஒருவர் கேட்டார். பந்து ஓடத் தொடங்கிவிட்டது, இனி ஒன்றும் செய்ய இயலாது என்பதே விடையாயிற்று. அவ்வறையின் உரையாடல் சில நாள்களின் பின் பகிரங்கமாக வெளியிடப்பட்டது. உண்மை தெரிந்தவர்கள் கைகட்டியிருக்க, அதனை அறியாத மத்தியஸ்தர் ஆட்டத்தை நடத்திச் செல்லுவதை அதில் கேட்கலாம். விதியின் எழுத்தை அவர்கள் மீறவில்லை. ஆட்டம் தொண்ணூறு நிமிடங்களையும் கடந்து, லிவர்பூல் ஆட்டக்காரர் ஒருவரின் காலில் பட்டுச் சொந்த வலைக்குள் சென்ற பந்தினால் இரண்டுக்கு ஒன்று என ரொற்றன்ஹாம் வெற்றியோடு முடிந்தது. மத்தியஸ்தர் அமைப்புப் பிழையை ஒப்புக்கொண்டது. மறு ஆட்டம் நடத்துவதே நேர்மை என லிவர்பூல் பயிற்றுநர் யேர்கன் குளொப் கூறினார். மறு ஆட்டம் நடைபெறவில்லை. அட்டவணையில் அந்தப் பெறுபேறு அப்படியே இருக்கிறது.